சூரிய உலர்த்தி செய்யும் உள்ளூர்ப் பட்டறைக்கு முதல் ஆர்டர் கொடுப்பது எப்படி?

குமரி மாவட்டத்தில் வெல்டிங் பட்டறைகளுக்குக் குறைவில்லை. சூரிய உலர்த்தி என்பது குழாய்ச் சட்டத்தின் மேல் ஷீட் போர்த்திய கூண்டுதான்; உள்ளே தட்டுகளில் பரப்பிய பொருள் வெயில் சூட்டில் காயும். குழாயை வளைத்து அப்படிக் கூண்டு கட்ட அவர்களுக்குத் தெரியும். ஆனால் எத்தனை கிலோ தேங்காய்க்கு எத்தனை அடி கூண்டு வேண்டும் என்று கணக்கோடு வந்து கேட்பவர் அரிது. கடனும் மானியமும் பிறகு வரட்டும். இப்படிப்பட்ட பட்டறைக்கு முதல் தேவை, அளவு சொல்லி ஆர்டர் கொடுத்து, காய்ந்ததை எடைபோட்டு எழுதிக் கொடுக்கும் ஒரு வாடிக்கையாளர். மகளிர் சுய உதவிக்குழுவும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் அந்த வாடிக்கையாளராக இருக்க முடியும்.

1. ஒரே பொருள், ஒரே அளவு

கொப்பரையா, நெத்தலியா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டையும் ஒரே கூண்டில் காயவைத்தால் மீன்வாடை தேங்காயில் ஏறிவிடும், பிறகு போகாது.

கொப்பரை என்றே வைத்துக்கொள்வோம். 100 கிலோ ஈரத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஈரம் 6 சதவீதத்துக்கு இறங்கும்போது எடை 53 கிலோவாகிவிடும். அதாவது 47 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 0.67 யூனிட் (மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட்) வெப்பம் செலவாகும். மொத்தம் 31 யூனிட். நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டரில் 5 யூனிட் அளவுக்கு வெயில் விழும். எளிய கூண்டு அதில் கால்பங்கைத்தான் பயன்படுத்தும், அதாவது 1.25 யூனிட். மூன்று நாளில் காய வேண்டுமானால் 8 சதுர மீட்டருக்குச் சற்று மேல் தேவை. 6 அடிக்கு 15 அடி என்று சொல்லுங்கள். கடைசி ஈரம் மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் நான்காம் நாளையும் கணக்கில் வையுங்கள்.

2. ஆர்டரில் எழுத வேண்டியவை

வாய்ப்பேச்சு போதாது. ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

யு.வி. (வெயிலின் புற ஊதாக் கதிர்) தாங்கும் 200 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட் என்று குறிப்பிடுங்கள். சாதா பாலித்தீன் ஒரு பருவத்திலேயே நொறுங்கிவிடும். கூண்டின் சட்டத்துக்கு ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) சரிதான். ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் துரு பிடிப்பது அங்கிருந்துதான் தொடங்கும். ஒவ்வொரு இணைப்பிலும் துத்தநாகம் கலந்த பெயின்ட் இரண்டு கோட் அடிக்கச் சொல்லுங்கள். தட்டுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 304 ஆக இருக்கட்டும். 12 வோல்ட் மின்விசிறி இரண்டை 20 வாட் சோலார் பேனலில் நேரடியாக இணைத்தால் பேட்டரி வேண்டாம். வெயில் ஏறும்போது காற்றும் தானாகவே கூடும்.

நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. அதனால் சிரட்டை அடுப்பின் சூட்டுக்குழாய் நுழைய அடியில் ஒரு துளையை இப்போதே விடச் சொல்லுங்கள். குழாய் கூண்டைச் சூடாக்க வேண்டும். புகை வெளியே போய்விட வேண்டும்.

கூண்டு வைக்கும் இடத்தைக் காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்குப் பாருங்கள். குமரியில் நல்ல உலர்த்தியையும் கெடுப்பது தென்னை நிழல். ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று கூண்டையும் தூக்கும்; கூண்டின் ஒவ்வொரு கால் குழாயையும் ஒன்றரை அடி ஆழத்தில் கான்கிரீட்டில் நிறுத்துங்கள்.

3. எடைபோட்டுப் பாருங்கள்

ஒரு தட்டில் சரியாக 1,000 கிராம் ஈரத் தேங்காய்ப் பருப்பு வைத்து அடையாளம் கட்டுங்கள். தினமும் காலை 8, பகல் 12, மாலை 4 மணிக்கு எடை, கூண்டுக் காற்றின் வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். தொடக்க ஈரம் 50 சதவீதம் என்றால் 532 கிராமில் நிறுத்தலாம். அதே நாளில் இன்னொரு 1,000 கிராமை வெளியே பாயில் காயவைத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. சூடு ஏறட்டும் என்று காற்றுத் துவாரத்தை அடைத்துவிடுவார்கள். வெப்பமானி 60 டிகிரி காட்டும். ஆனால் ஷீட்டின் உட்புறம் முழுக்க நீர்த்துளி நிற்கும். ஈரம் வெளியேறாததால் இரண்டாம் நாளே பூஞ்சை பிடிக்கும். அந்தத் துளியைக் கண்டதும் துவாரத்தைத் திறங்கள். 50 டிகிரிக்கு இறங்கினாலும் பரவாயில்லை.

4. காகித வேலை

பட்டறைக்கு உத்யம் பதிவு (சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவு) இல்லையென்றால் முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் அரசுத் தளம் அல்ல.

பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) தரும் முதல் கடன் புதிய தொழிலுக்கு மட்டும்தான். ஏற்கெனவே ஓடும் பட்டறை அதைக் காட்டிக் கேட்க முடியாது. கிராமப்புறத்தில் ஒரு பெண் 5 லட்ச ரூபாயில் புதிதாகத் தொடங்கினால் கைப்பணம் 5 சதவீதம், அதாவது 25,000. மானியம் 35 சதவீதம், 1.75 லட்சம். இந்த மானியம் கையில் வராது. மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாக நிற்கும், பிறகுதான் கடனில் கழியும். அதை நம்பி இரும்பு வாங்கக் கூடாது. விண்ணப்பம் இப்போது ஏற்கப்படுகிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது எடை நோட்டையும் எடுத்துப் போங்கள். திட்ட அறிக்கையில் அதுதான் பேசும்.

5. பணத்தை எப்போது கொடுப்பது

முன்பணம் 40 சதவீதம், கூண்டின் சட்டம் நின்றதும் 30, நிறுவியதும் 20, மூன்று முறை கொப்பரை எடுத்த பிறகு மீதி 10. பட்டறை இரும்பைக் கடனுக்கு வாங்குகிறது. நீங்கள் இழுத்தடித்தால் அங்கே வட்டி ஓடும். சிறு, குறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்க முடியாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான்.

ஷீட்டை எப்படியும் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும். அதற்கான விலையையும் யார் வந்து மாற்றுவார்கள் என்பதையும் இந்த முதல் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.