முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக் குஞ்சுகள்: முதல் நான்கு வார வளர்ப்பு

கோழிக் குஞ்சு வளர்த்துப் பழகியவர்கள் வாத்துக் குஞ்சு வாங்கும்போது, இரண்டும் ஒன்றுதானே என்று அதே பெட்டியையும் அதே தண்ணீர்த் தட்டையும் அதே தீவனத்தையும் எடுத்து வைக்கிறார்கள். வெப்பம், காவல், சுத்தம் ஆகியவற்றில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது உண்மைதான். தண்ணீர் விஷயத்தில் மட்டும் வாத்துக் குஞ்சு முற்றிலும் வேறு. தலையை முக்கும் அளவுக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் அதன் கண்ணும் மூக்கும் கெடும். உடல் முழுவதும் நனைந்துவிட்டால் அது குளிரில் விறைத்துப் போகும். இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவே நான்கு வாரம் குஞ்சைக் கொண்டு செல்வதுதான் புதிதாகத் தொடங்குபவர் கற்க வேண்டியது. கீழே வரும் படிகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

வீட்டுக் கொல்லையில் ஐந்து முதல் முப்பது குஞ்சுகள் வரை வளர்க்க நினைப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். காக்கி கேம்ப்பெல், வெள்ளை பெக்கின், தமிழ்நாட்டில் மேய்ச்சல் வாத்துக்காரர்கள் வயலுக்கு வயல் ஓட்டிச் செல்லும் ஆரணி, கீரி வகை நாட்டு வாத்துகள் என எதுவாக இருந்தாலும் முறை ஒன்றே. ஒரே ஒரு குஞ்சை மட்டும் வாங்க வேண்டாம். கூட்டமாக வாழும் பறவை என்பதால் தனிக் குஞ்சு இரவும் பகலும் கத்திக் கத்தித் தீனியே எடுக்காமல் சோர்ந்துவிடும். குறைந்தது மூன்று குஞ்சுகளாவது வேண்டும்.

1. குஞ்சு வருவதற்கு முன்பே இடத்தைத் தயார் செய்யுங்கள்

ஒன்றரை அடி உயரமுள்ள கெட்டி அட்டையையோ தகட்டையோ வட்டமாக வளைத்து, இரு முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். சதுரப் பெட்டியைவிட வட்ட வேலியே நல்லது. குளிரும்போது குஞ்சுகள் மூலையில் போய் ஒன்றன் மேல் ஒன்று ஏறும், அடியில் சிக்கியது மூச்சுத் திணறிச் சாகும். வட்டத்தில் மூலை இல்லை. தரையில் இரண்டு அங்குல உயரத்துக்கு உலர்ந்த உமியையோ மரச்சுருளையோ பரப்பி, முதல் மூன்று நாட்களுக்கு மட்டும் அதன் மேல் துவைத்துக் காயவைத்த சாக்கை விரியுங்கள். சாக்கு இருந்தால் குஞ்சு தீவனத்தோடு உமியைக் கொத்தித் தின்னாது, காலும் வழுக்காது. செய்தித்தாளை விரிப்பவர்கள் பலர். அது நனைந்தவுடன் வழவழப்பாகி, குஞ்சின் கால்கள் இரு பக்கமும் விரிந்து நிரந்தரமாகவே கோணிப்போக இடமுண்டு என்பதால் நான் அதை ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

வேலிக்கு மேலே கம்பி வலை மூடி அவசியம். பூனை, கீரிப்பிள்ளை, காகம் ஆகியவற்றை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். இரவில் வளை தோண்டி வரும் பெருச்சாளியைத்தான் மறந்துவிடுகிறார்கள். தரை மண்ணாக இருந்தால் அடியிலும் வலை போடுங்கள்.

2. முதல் நாளில் அவசரப்படாதீர்கள்

வீட்டிலேயே பொரிக்க வைத்திருப்பவர்களுக்கு முதலில் ஒரு சொல். வாத்து முட்டை பொரிய 28 நாட்களும் மணிலா வாத்து முட்டை பொரிய 35 நாட்களும் ஆகும். ஓட்டில் முதல் விரிசல் கண்ட பிறகு குஞ்சு முழுமையாக வெளிவர ஒரு நாளோ அதற்கு மேலோ பிடிக்கும். அந்த நேரத்தில்தான் ஓட்டின் உட்சவ்வில் ஓடும் இரத்தமும் மீதமுள்ள மஞ்சள் கருவும் குஞ்சின் உடலுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகின்றன. உதவி செய்கிறோம் என்று ஓட்டைப் பிய்த்தால் இரத்தம் கசிந்து குஞ்சு இறக்கலாம். வெளிவந்த குஞ்சையும் தூவி முழுக்க உலர்ந்து பஞ்சுபோல் நிற்கும்வரை பொரிப்பானிலேயே விட்டுவைக்க வேண்டும்.

உள்ளே இழுத்துக்கொண்ட அந்த மஞ்சள் கருவே முதல் ஓரிரு நாட்களுக்கு அதற்கு உணவாகும். ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியில் வைத்து வெளியூருக்கு அனுப்ப முடிவது இதனால்தான். எனவே குஞ்சு வந்து சேர்ந்தவுடன் தீவனத்தைக் கொட்டாமல் முதலில் தண்ணீர் காட்டுங்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அலகின் நுனியை மட்டும் வெதுவெதுப்பான நீரில் தொட்டு எடுத்தால் போதும். இரண்டு மூன்று குஞ்சுகள் குடிக்கக் கற்றுக்கொண்டால் மற்றவை பார்த்துப் பழகிவிடும். நெடுந்தூரம் வந்து களைத்திருந்தால் அந்த முதல் நீரில் சிறிது குளுக்கோஸ் கலக்கலாம். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தீவனம் வையுங்கள்.

3. வெப்பத்தைக் குஞ்சைப் பார்த்தே அளவிடுங்கள்

முதல் வாரத்தில் குஞ்சு நிற்கும் உயரத்தில் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்ற கணக்கில் முப்பது குஞ்சுகளுக்கு 60 வாட் குண்டு பல்பு ஒன்று போதுமானது. எல்இடி பல்பு வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. கடையில் கேட்டு வாங்கும்போது இதைக் கவனியுங்கள். பல்பை வட்டத்தின் நடுவில் தொங்கவிடாமல் ஒரு பக்கமாகத் தொங்கவிட்டால், சூடு வேண்டிய குஞ்சு பல்பின் அடியிலும் வேண்டாத குஞ்சு மறுபக்கத்திலும் தானாகவே போய்ப் படுத்துக்கொள்ளும்.

வெப்பமானி வாங்காவிட்டாலும் பரவாயில்லை. குஞ்சுகள் பல்புக்கு அடியில் நெருக்கியடித்துக்கொண்டு இடைவிடாமல் கீச்சென்று கத்தினால் சூடு போதவில்லை, பல்பை இறக்குங்கள். வேலி ஓரமாக ஒதுங்கி அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், ஏற்றுங்கள். இடம் முழுவதும் பரவிப் படுத்து, அவ்வப்போது மெல்லிய குரலில் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் பகல் நேரத்துக்குப் பல்பே தேவைப்படாது. மார்கழி இரவில் மூன்றாவது வாரத்திலும் தேவைப்படும்.

4. தண்ணீர் மூலையை அமையுங்கள்

முழுக் கவனத்தையும் செலவிட வேண்டிய படி இது. வாத்துக் குஞ்சு தின்பதைச் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு வாய் தீவனத்தை அள்ளும், உடனே தண்ணீருக்கு ஓடும், அலகை முக்கிச் சலசலவென்று அலசும், தலையை உதறும், மூக்குத் துளை வழியாக நீரைச் சீற்றி அடைப்பை நீக்கும், மறுபடி தீவனத்துக்கு ஓடும். தண்ணீர் இல்லாமல் உலர்ந்த தீவனம் மட்டும் இருந்தால் அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஆகவே தீவனம் இருக்கும் நேரமெல்லாம் தண்ணீரும் இருந்தாக வேண்டும். இரவில் தண்ணீரை எடுத்துவிடுவதானால் தீவனத்தையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

பாத்திரத்தில் நீரின் ஆழம் அலகும் மூக்குத் துளைகளும் மூழ்கும் அளவுக்கு, அதாவது முதல் வாரத்தில் இரண்டு மூன்று செ.மீ. இருக்க வேண்டும். குஞ்சு வளர வளர, கண்ணையும் நனைத்துக் கழுவிக்கொள்ளும் அளவுக்கு ஆழத்தைக் கூட்டுங்கள். தலையை முக்க முடியாத குஞ்சுகளுக்குக் கண்ணைச் சுற்றிப் பொருக்குத் தட்டிப் புண்ணாகி, கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம். ஆனால் பாத்திரத்துக்குள் இறங்கி உட்காரவும் இடம் கொடுக்கக் கூடாது. அகலமான தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, கற்களுக்கு இடையே மட்டும் நீர் நிற்கும்படி வைக்கலாம். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு: மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் பக்கத்தில் குஞ்சின் தலை மட்டும் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் போட்டு, ஓட்டையின் விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்து, ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை நீர் ஊற்றி மூடிவிடுங்கள். குஞ்சு தலையை மட்டும் உள்ளே விட்டுக் குடிக்கும்.

இவ்வளவு செய்தாலும் தண்ணீர் சிந்தும். சிந்துவதைத் தடுக்க முடியாது, சிந்திய நீர் படுக்கைக்குப் போகாமல் தடுக்க முடியும். ஒரு பழைய தட்டையோ குழிவான தொட்டியோ தரையில் பதித்து, அதன் வாயில் அரை அங்குலக் கண் உள்ள வலையை இறுகக் கட்டி, வலையின் மேல் தண்ணீர் டப்பாவை வையுங்கள். சிந்துவதெல்லாம் வலை வழியாகத் தொட்டியில் இறங்கிவிடும். தினம் ஒருமுறை தொட்டியைக் கொட்டிக் கழுவினால் போதும். இந்த மூலை பல்புக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். சூடான பல்பில் நீர் தெறித்தால் கண்ணாடி வெடிக்கும்.

படுக்கையைக் காலையிலும் மாலையிலும் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் தட்டினால் அந்தப் பகுதியை அள்ளிவிட்டுப் புதிய உமி போடுங்கள். மூக்கில் காரமான நெடி ஏறும்வரை காத்திருந்தால் குஞ்சின் கண்ணும் நுரையீரலும் அதற்கு முன்பே பாதிக்கப்பட்டிருக்கும்.

5. தீவனம்

முதல் மூன்று வாரங்களுக்கு ஏறத்தாழ 20 சதவீதப் புரதம் உள்ள குஞ்சுத் தீவனம் தேவை. வாத்துக்கென்று தனித் தீவனம் எல்லா ஊரிலும் கிடைக்காததால் கோழிக் குஞ்சுத் தீவனத்தையே பயன்படுத்தலாம், ஆனால் மருந்து கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். கோழிக்கென்று அளவிட்டுக் கலந்த மருந்தை, அதைவிட அதிகமாகத் தின்னும் வாத்துக் குஞ்சு தேவைக்கு மேல் உட்கொண்டுவிடும்.

கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சுக்கு நயாசின் என்ற பி வகை வைட்டமின் ஏறக்குறைய இரு மடங்கு வேண்டும். அது குறைந்தால் இரண்டாவது வாரத்திலேயே கால் வளைந்து, கணுக்கால் வீங்கி, குஞ்சு முழங்காலிட்டதுபோல் நகரத் தொடங்கும். வெறும் நொய்யைக் குழைய வேகவைத்துப் போட்டு வளர்க்கும் வீடுகளில் இந்தக் கோளாறு வருவதற்கு இதுவே காரணம். தீட்டிய அரிசியில் இந்தச் சத்து மிகக் குறைவு. கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் பி காம்ப்ளெக்ஸ் மருந்தை, மருத்துவர் சொல்லும் அளவில் குடிநீரில் கலந்து கொடுங்கள். கால் வளைந்த பிறகு கொடுத்தால் முழுமையாக நிமிர்வது கடினம்.

மாவுத் தீவனமாக இருந்தால் சிறிது நீர் தெளித்துப் பிசைந்து வையுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் வடியக் கூடாது. ஒரே வேளையில் நிறைய வைக்காமல் நாளுக்கு நான்கைந்து முறை சிறிது சிறிதாக வைத்து, மீந்ததை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஈரத் தீவனம் விரைவில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும்.

பூஞ்சையைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகளும் அவற்றோடு வாத்துக் குஞ்சுகளும் மடிந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நச்சே காரணம் என்று கண்டறிந்தார்கள். அஃப்ளாடாக்சின் எனப்படும் அந்த நச்சு வாத்துக் குஞ்சின் ஈரலை மிகச் சிறிய அளவிலேயே சிதைத்துவிடும். ஓர் உணவில் அந்த நச்சு இருக்கிறதா என்று சோதிக்க ஆய்வுக்கூடங்களில் ஒரு நாள் வாத்துக் குஞ்சுகளையே பயன்படுத்தினார்கள் என்றால் அவை எவ்வளவு மென்மையானவை என்பது புரியும். ஆகவே கடலைப் பிண்ணாக்கை இந்த வயதில் தவிர்த்துவிடுங்கள். கட்டி தட்டிய, மக்கிய வாடை வீசும், நிறம் மாறிய மக்காச்சோளத்தைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கழுவினாலும் வேகவைத்தாலும் நச்சு போகாது.

இரண்டாவது வாரத்திலிருந்து பொடியாக நறுக்கிய கீரையையும் அசோலா என்னும் நீரில் மிதந்து வளரும் சிறு பெரணியையும் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கொடுக்கலாம். பசுந்தீனி தொடங்கியதும் ஒரு கிண்ணத்தில் சிறிது பெருமணலும் வையுங்கள். இரைப்பையில் அரைக்க அது உதவும்.

6. அடைக்கோழி பொரித்த குஞ்சுகள்

வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைப்பது நம் கிராமங்களில் வெகுகாலமாக நடப்பது. காக்கி கேம்ப்பெல் போன்ற இனங்கள் அடை உட்காருவதே அரிது என்பதால் அது நல்ல வழியும்கூட. கோழித் தாய் சூடும் காவலும் தரும், பல்பு வேண்டியதில்லை. ஆனால் குஞ்சுகள் வாய்க்காலைக் கண்டதும் இறங்கிவிடும்; கோழி கரையில் நின்று கொக்கரித்துத் தவிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது. முதல் பத்து நாட்களுக்குத் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, ஆழமில்லாத தட்டில் மட்டும் நீர் காட்டுங்கள்.

7. குளத்தில் விடும் காலம்

குஞ்சின் மேல் இருக்கும் மஞ்சள் தூவி நீரைத் தடுக்காது. தாய் வாத்து இல்லாமல் வளரும் குஞ்சு நீரில் கிடந்தால் ஊறிக் கனத்து, குளிர்ந்து, மூழ்கியே போகும். இரண்டாவது வாரம் முடிந்த பிறகு, வெயில் நன்றாக உள்ள பகலில், அகலமான தட்டில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி ஐந்து நிமிடம் விளையாடவிட்டு, எடுத்தவுடன் துணியால் ஒற்றிப் பல்புக்கு அடியில் விடலாம். அந்த ஐந்து நிமிடமும் நீங்கள் அருகில் இருக்க வேண்டும். குளத்திலோ தொட்டியிலோ விடுவதற்கு நான்கு வாரமாவது ஆகட்டும். வயிற்றின் அடியில் கை வைத்துப் பாருங்கள். தூவி போய் அழுத்தமான இறகு முளைத்திருந்தால்தான் விடலாம். தொட்டியாக இருந்தால் ஏறிவரச் செங்கற்களை அடுக்கிச் சரிவு அமையுங்கள். ஏற வழியில்லாத தொட்டியில் வளர்ந்த வாத்தும் களைத்து மூழ்கும்.

8. எப்போது மருத்துவரைத் தேட வேண்டும்

கூட்டத்திலிருந்து விலகி நிற்பது, கண்ணை மூடிக்கொண்டே இருப்பது, ஆசனவாயில் எச்சம் ஒட்டி அடைத்திருப்பது, தொப்புள் ஈரமாகவும் வீங்கியும் இருப்பது ஆகியவை முதல் வாரத்தில் பார்க்க வேண்டிய அறிகுறிகள். ஒட்டிய எச்சத்தைப் பிய்க்காமல் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடையுங்கள். மற்றவை தெரிந்தால் அந்தக் குஞ்சைத் தனியே பிரித்து, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியையும் அழைக்கலாம். ஒரே நாளில் பல குஞ்சுகள் தலையைப் பின்னுக்கு வளைத்து, காலை உதைத்துக்கொண்டு இறந்தால் அது கல்லீரல் அழற்சி என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். இறந்ததைப் புதைக்கும் முன்பே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குஞ்சைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதைக் குழந்தைகளுக்கும் பழக்குங்கள். நலமாகத் தெரியும் குஞ்சின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் முகத்தோடு வைத்துக் கொஞ்சுவதை அனுமதிக்க வேண்டாம். வாத்துக் காலரா, வாத்து பிளேக் ஆகிய இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. பிளேக் தடுப்பூசி வழக்கமாக 8 முதல் 12 வாரத்துக்குள் போடப்படுகிறது. உங்கள் பகுதியில் எந்த வாரம், எங்கே போடுகிறார்கள் என்பதைக் குஞ்சு நான்கு வாரத்தை எட்டும்போதே கால்நடை மருந்தகத்தில் கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.