லைன் வீட்டு வாசலில் ரத்த அழுத்த முகாம்

குன்னூர், கோத்தகிரி தோட்டங்களில் கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் நிறைய. முகாமை ஞாயிறன்றோ, மாலையில் இலை எடை போட்ட பிறகோ லைன் வீட்டு (தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பு) வாசலிலேயே வையுங்கள். கூலியை விட்டுவிட்டு யாரும் வரமாட்டார்கள்.

மொழிபெயர்க்க மேஸ்திரி (தோட்டத்தில் வேலை வாங்குபவர்) வேண்டாம். அவர் முன்னால், வேலை போய்விடுமோ என்று நோயை மறைப்பார்கள். பிள்ளைகளும் வேண்டாம். இந்தியோ, ஜார்க்கண்டில் பேசும் சாத்ரி மொழியோ தெரிந்த பெண் ஒருவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

சரிவேறி வந்த கையோடு அளந்தால் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். முதுகு சாய்த்து 5 நிமிடம் உட்காரட்டும். டீ, பீடி, புகையிலைக்குப் பின் அரை மணி கழிந்திருக்க வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு ஸ்வெட்டர்: அதன் மேலேயே அளக்கும் பட்டையைச் சுற்றுவார்கள், அல்லது ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டு புஜத்தை இறுக்குவார்கள். கழற்றச் சொல்லுங்கள். கை இதய மட்டத்தில் இருக்க, 1 நிமிட இடைவெளியில் 2 முறை அளங்கள். 140/90 வந்தால் வேறொரு நாளும் அளக்காமல் நோய் என்று சொல்லிவிடாதீர்கள். 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே 108.

முகாமில் சர்க்கரையும் பார்ப்பதானால், சர்க்கரை மீட்டர்கள் பலவும் 10 டிகிரிக்குக் கீழே பிழை காட்டும்; மார்கழிக் காலையில் சட்டைக்குள் வைத்திருங்கள்.

2 வாரத்துக்கு மேல் இருமலா? காசநோயா என்று பார்க்க அனுப்புங்கள்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம்.

"புரிந்ததா?" என்று கேட்டால் தலையாட்டுவார்கள். மாத்திரை எப்போது, எத்தனை என்று அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.