முதுகெலும்பு இணைப்பு ஆபரேஷனா? முதலில் வீட்டைத் தரையிலிருந்து மேலே ஏற்றுங்கள்

என் அம்மா குடியாத்தத்தில் மடியில் முறம் வைத்துப் பீடி சுற்றியே எங்களை வளர்த்தவர். போன வருடம் அவருக்கு இடுப்புப் பக்கம் முதுகெலும்பில் எல்4, எல்5 என்ற அடுத்தடுத்த இரண்டு எலும்புகளை ஸ்க்ரூவும் கம்பியும் போட்டு இணைத்தார்கள். வேலூர்ப் பக்கம் இருப்பதில் ஒரு வசதி, எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்காகக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள், நமக்கு அது பஸ் தூரம். தயாராக இல்லாதது எங்கள் வீடுதான். கோலம், அருவாமனை, பாய், தண்ணீர்க் குடம், குத்துக்காலிட்டு உட்காரும் கக்கூஸ் என்று நம் வீட்டில் எதைத் தொட வேண்டுமானாலும் குனிய வேண்டும், ஆபரேஷனுக்குப் பிறகு செய்யவே கூடாதது அந்தக் குனிவதுதான்.

அதனால் அட்மிஷனுக்கு ஒரு வாரம் முன்பே கட்டில் போடுங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் தரையில் பட வேண்டும், முட்டி இடுப்பைவிட உயரக் கூடாது. கக்கூஸ் மேல் வைக்கிற கமோடு நாற்காலி மெடிக்கல் சாமான் கடைகளில் கிடைக்கும், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அடுப்படியில் கீழ்த்தட்டில் இருக்கும் அரிசி, பருப்பு, எண்ணெயெல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஏற வேண்டும். வாசலுக்கு ஸ்டிக்கர் கோலம் போதும், அம்மா ஒரு மாதம் முறைத்தார், பரவாயில்லை.

உடம்பைத் தயார் செய்வதில் பெரிய விஷயம் புகையிலை. ஸ்க்ரூ வெறும் சென்ட்ரிங் பலகை மாதிரி, தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான்; நடுவில் வைக்கிற எலும்புத் தூள் வளர்ந்து இரண்டையும் ஒட்ட வேண்டும், நிகோடின் அந்த வளர்ச்சியைக் கெடுக்கும். பீடி, சிகரெட் மட்டுமல்ல, வெற்றிலையோடு வாயில் ஒதுக்குவதும் கணக்கில் சேரும். சர்க்கரை இருந்தால் முன்கூட்டியே கட்டுக்குள் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் புண் ஆறாது. இதயத்துக்கு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழுப்பி நிற்க வைப்பார்கள். அப்போது எழும் முறையைப் பிசியோதெரபிஸ்டிடம் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள்: தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருளுகிற மாதிரி ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். கையைப் பிடித்து "எழுந்திரும்மா" என்று இழுக்கிற பாசமெல்லாம் வேண்டாம். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும், முக்கினால் முதுகு உயிர் போகும். தண்ணீர், கீரை, கொய்யா, அப்புறம் டாக்டர் தரும் இளக்கி.

வீட்டுக்கு வந்ததும் நடைதான் மருந்து, முதல் வாரம் ஐந்து நிமிடம், அப்படியே கூட்டிக்கொண்டே போகலாம். நம்மூர் வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். குனியாதே, தூக்காதே, முறுக்காதே என்ற மூன்றும் டாக்டர் விடுவிக்கும் வரை, பொதுவாக மூன்று மாதமாவது, இருக்கும். ஒரு குடம் தண்ணீரே பத்துக் கிலோவுக்கு மேல், அதைத் தொடவே வேண்டாம். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், எலும்பு ஒட்டுவதை அவை தாமதப்படுத்தலாம்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் முதுகைத் தாங்கும் பெல்ட்டைப் பார்த்து "இன்னாம்மா, இன்னும் பெல்ட்டு போட்டுகினே கீற?" என்பார்கள். காபி கொடுத்து அனுப்புங்கள்.

காய்ச்சல், தையலில் நீர் அல்லது சீழ், கெண்டைக்கால் வீக்கம் என்றால் அன்றே காட்டுங்கள். மூச்சுத் திணறல், கால் திடீரென்று பலமிழப்பது, சிறுநீர் நின்றுபோவது அல்லது தானாகப் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் நள்ளிரவானாலும் 108தான்.

எலும்பு முழுதாக ஒட்ட ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். ஆறாம் மாத எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் தலையாட்டியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "முறத்த எடுக்கலாமா சார்?" அவர் மேஜை போட்டு, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொன்னார். மேஜை வந்துவிட்டது. எழுந்து நடக்கத்தான் நான் கத்த வேண்டியிருக்கிறது.