டோமினோ டாம்சல் வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

உப்புத்தண்ணீர் டேங்க் புதிதாக வைப்பவரிடம் கடையில் முதலில் நீட்டப்படும் மீன் பெரும்பாலும் டாம்சல்தான். விலை குறைவு, எதையும் தாங்கும், "இதை விட்டு டேங்கை சைக்கிள் பண்ணிக்கங்க, மத்ததை அப்புறம் வாங்கலாம்" என்பார்கள். சைக்கிள் என்றால், மீன் கழிவில் வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவைப் புது டேங்கில் வளர விடுவது. வினை அங்கேயே ஆரம்பிக்கிறது.

டாம்சலில் டோமினோ என்ற வகையை எடுத்துக்கொள்வோம். கறுகறுவென்ற உடம்பு, நெற்றியில் ஒன்றும் இரு பக்கமும் ஒவ்வொன்றுமாக மூன்று வெள்ளைப் பொட்டு, வாங்கும்போது கட்டைவிரல் நகம் அளவு. வளர்ந்தால் 13, 14 செ.மீ. வரை போகும், நெற்றிப் பொட்டு மறையும், நிறம் வெளிறும், குணம் மட்டும் வெளிறாது.

புது டேங்கில் ஏறும் அம்மோனியா செவுளை அரிக்கும். மீன் சாகவில்லை என்பதற்காக அதற்கு வலிக்கவில்லை என்று ஆகாது. சைக்கிளுக்கு மீனே வேண்டாம். அம்மோனியம் குளோரைடு சில சொட்டு, இல்லையென்றால் ஒரு துண்டு இறால் அழுகினாலே பாக்டீரியா வந்து சேரும்.

அதைவிடப் பெரிய சிக்கல், சைக்கிள் ஆகும் அந்தச் சில வாரத்தில் டோமினோ முழு டேங்கையும் தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொள்வது. அப்புறம் நீங்கள் ஆசையாக வாங்கி வரும் க்ளவுன் மீனோ கோபி மீனோ அதற்கு அத்துமீறி நுழைந்த ஆள்தான். துடுப்பை விரித்துப் பக்கவாட்டில் நின்று மிரட்டும், துரத்தும், சில சமயம் கண்ணாடிக்கு வெளியே கேட்கும்படி 'டிக் டிக்' என்று சத்தமும் கொடுக்கும். அடி வாங்கிய மீன் மேல் மூலையில் ஹீட்டரை ஒட்டி, வால் கிழிந்து, சாப்பாடு போட்டாலும் இறங்காமல் நிற்கும். "புது இடம், பழகிடும்" என்று விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

அதனால் டாம்சலைக் கடைசி மீனாக விடுங்கள். ஏற்கெனவே விட்டாச்சா? புது மீனைத் துளை போட்ட கண்ணாடிப்பெட்டியில் அதே டேங்குக்குள் சில நாள் வைத்து, கற்களை இடம் மாற்றி அடுக்கி, விளக்கை அணைத்த பிறகு திறந்துவிட்டுப் பாருங்கள். நன்றாக வளர்ந்த டோமினோவிடம் இதெல்லாம் பலிக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

இரண்டு மூன்றாக வாங்கினால் சண்டை பங்கு போய்விடும் என்ற கணக்கும் தப்பு. கடலில் குஞ்சுகள் அனிமோனியை (கடலடியில் பூப்போல விரியும் உயிர்) சுற்றிக் கூட்டமாகத் திரிவது உண்மைதான், ஆனால் அங்கே தோற்றது ஓடிப்போக இடம் இருக்கிறது. 100 லிட்டர் டேங்கில் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும்.

வலையோடு பின்னால் ஓடிப் பிடிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், கல் இடுக்கு அத்தனையும் அதற்கு அத்துப்படி. ஒருநாள் பட்டினி போட்டு, மைசிஸ் (பொடி இறால் போன்ற தீனி) வைத்த பொறிப்பெட்டியை இறக்கினால் ஒருவேளை மாட்டும். இல்லையென்றால் கல் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டியதுதான்.

டாம்சல்தான் வேண்டும் என்றால் மஞ்சள்வால் டாம்சல் பாருங்கள். 7 செ.மீ.தான் வளரும், கொஞ்சம் சாது. முழு நீலமாக ஒன்று பக்கத்துத் தொட்டியிலேயே இருக்கும், அது வேறு ரகம், ரௌடி. மாற்றிக் கட்டிக் கொடுத்துவிடாமல் பார்த்து வாங்குங்கள்.