கேரவன் ஃபிரிட்ஜ் குளிரவில்லையா? கேஸ் போடும் முன் இதைப் பாருங்கள்

போன மே மாதம், கத்திரி வெயில். காட்பாடியில் வீட்டு வாசலில் நின்றிருந்த எங்கள் கேரவனுக்குள் பால் மதியத்துக்குள் திரிந்துவிட்டது. பழைய டெம்போ டிராவலரை வாங்கி நாங்களே கட்டிக்கொண்ட வண்டி அது. வந்து பார்த்த மெக்கானிக் பத்தே நிமிடத்தில் "கேஸ் போச்சு சார்" என்றார். 3,500 ரூபாய். அன்று இரவு ஐஸ் கட்டியது. மறுநாள் காலை ஃபிரிட்ஜைப் பெட்டிக்குள் தள்ளி, பின்பலகையைத் திருகி மூடினோம். மதியம் மறுபடி வெதுவெதுப்பு.

கோளாறு கேஸில் இல்லை, அந்தப் பலகையில்தான் என்று புரிய இரண்டு வாரம் ஆனது. உங்களுக்கு அந்த இரண்டு வாரமும் 3,500 ரூபாயும் மிச்சமாகட்டும்.

முதலில்: என்ன வகை ஃபிரிட்ஜ்?

'உர்ர்' என்று மெல்லிய சத்தம் வந்தால் கம்ப்ரசர் வகை. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். நம் ஊரில் கட்டும் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். சத்தமே இல்லாமல், சிலிண்டர் கேஸிலும் கரன்டிலும் ஓடினால் அது அம்மோனியா வகை. இறக்குமதி வண்டிகளில் இருக்கும். அதற்குத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

இரவில் அளந்து பாருங்கள்

கையை உள்ளே விட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு, ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் இரவு முழுக்க வையுங்கள். விடியற்காலையில் 5 டிகிரிக்குள் இருந்தால் கேஸ் இருக்கிறது என்று நம்பலாம். மதியம் மட்டும் ஏறுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது காற்றோட்டத்தை. வெளியே 40 டிகிரி அடிக்கும்போது பூட்டிய வண்டிக்குள் 50-ஐத் தாண்டிவிடும்; அந்தச் சூட்டில் ஃபிரிட்ஜ் தன் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்?

காற்றோட்டம்

தச்சர்கள் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜைச் சுற்றிப் பிளைவுட்டால் அடைத்துவிடுவார்கள். கண்டென்சர் (ஃபிரிட்ஜின் சூட்டை வெளியேற்றும் குழாய் அடுக்கு) வெளியே தள்ளும் சூடு அந்தப் பெட்டிக்குள்ளேயே சுற்றிவரும். சோதனை சுலபம்: பின்பலகையைக் கழற்றிவிட்டு ஒரு முழு மதியம் ஓடவிடுங்கள். குளிர்ந்தால் நோய் தெரிந்துவிட்டது. மருந்து இதுதான்: பெட்டியில் கீழே ஒரு ஓட்டை, மேலே ஒரு ஓட்டை, இரண்டிலும் வலை. சூடு மேலே போக, கீழிருந்து காற்று வரும். கூடவே ஒரு 12 வோல்ட் சின்ன ஃபேன். எனக்கு எல்லாம் சேர்த்து 900 ரூபாய் ஆனது. கண்டென்சரில் ஒட்டியிருக்கும் தூசியையும் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

வோல்ட்டேஜ்

அடுத்த வில்லன் மெல்லிய வயர். மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) பேட்டரியில் மட்டும் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் டெர்மினலிலும் (வயர் வந்து சேரும் முனை) வையுங்கள். பேட்டரியில் 12.6 காட்டி, இங்கே 11.5 காட்டினால் வழியிலேயே ஒரு வோல்ட் செத்துவிட்டது என்று அர்த்தம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை 6 மீட்டர் தூரம் இழுத்தால், போக வர 12 மீட்டர். 5 ஆம்பியர் ஓடும்போது இவ்வளவு இழப்பு நிச்சயம் வரும். அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். ஃபியூஸ் ஹோல்டர் பச்சை பிடித்திருந்தாலும் இதே கதைதான்.

டான்ஃபாஸ் அல்லது செகோப் கம்பெனி கம்ப்ரசராக இருந்தால், அதன் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் பெட்டியில் எல்இடி விளக்கு இணைத்திருக்கிறார்களா பாருங்கள். ஒரு மினுக்கு என்றால் பேட்டரி வோல்ட்டேஜ் குறைவு. இரண்டு, ஃபேன் அதிகக் கரன்ட் இழுக்கிறது. மூன்று, மோட்டார் கிளம்பவில்லை. நான்கு, மோட்டார் வேகம் போதவில்லை. ஐந்து, கன்ட்ரோல் பெட்டி சூடேறி நின்றுவிட்டது. மெக்கானிக்குக்கு போன் போடும்போது இந்த எண்ணையும் சொல்லுங்கள்.

கதவு ரப்பருக்கு ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் ஒட்டவில்லை.

அம்மோனியா வகைக்கு

இதில் கம்ப்ரசர் கிடையாது. உள்ளிருக்கும் அம்மோனியா கரைசல் சூட்டினால் கொதித்து, பிறகு திரவம் தன் எடையாலேயே குழாயில் இறங்கி வர வேண்டும். அதனால் வண்டி சமமாக நிற்பது முக்கியம். சாய்வு 3 டிகிரிக்குள் இருக்கட்டும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஓடும்போது பிரச்சினை இல்லை, அசைவில் திரவம் நகர்ந்துகொண்டே இருக்கும். மேலே போய்ச் சரிவில் நிறுத்திவிட்டு இரவு முழுக்க ஓடவிட்டால்தான் வம்பு. நம் கோடையில் சமமாக நின்றாலும் இந்த வகை திணறும், அது பழுதல்ல.

காரமான அம்மோனியா நெடி வந்தாலோ, பின்னால் மஞ்சள் தூள் படிந்திருந்தாலோ உடனே அணைத்து, கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அதைப் பிரித்துப் பார்க்கும் வேலை வேண்டாம். குளிரூட்டும் யூனிட்டையே மாற்ற வேண்டிவரும், செலவு கிட்டத்தட்ட புது ஃபிரிட்ஜ் அளவுக்குப் போகும். நானாக இருந்தால் கம்ப்ரசர் வகைக்கு மாறிவிடுவேன்.

நிஜமாகவே கேஸ் போயிருந்தால்

கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். ஃபிரிட்ஜுக்குள் குளிரும் தகட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் பனி பிடித்து மற்ற இடம் வெறுமையாக இருக்கும். இரவிலும் இதே நிலை என்றால் கேஸைச் சந்தேகிக்கலாம். ஆனால் கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் அல்ல. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ லீக். "லீக் எங்கே என்று காட்டுங்கள்" என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, ஓட்டையைப் பற்றவைத்து, ஃபில்டர் மாற்றி, வேக்கம் எடுத்த (குழாயிலுள்ள காற்றை பம்பால் உறிஞ்சிய) பிறகுதான் கேஸ். அதையும் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்குத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். சின்ன ஃபிரிட்ஜில் மொத்தமே சில பத்து கிராம்தான், கண்மதிப்பு உதவாது. ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று இருந்தால் அது எரியும் வாயு. வண்டிக்குள் வைத்துப் பற்றவைக்க விடாதீர்கள், ஃபிரிட்ஜை இறக்கி வெளியே வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று: வேலை முடிந்ததும் குளிர்கிறதா என்று பார்ப்பதைப் பின்பலகையை மாட்டிய பிறகு, மறுநாள் மதியம் பாருங்கள். பணத்தையும் அப்போது கொடுத்தால் போதும்.