பையர் மெயிலில் ஒன்றுபோல் தெரியும் இங்கிலீஷ் சொற்கள்: திருப்பூர் மெர்ச்சண்டைசருக்கான வழிகாட்டி

வெளிநாட்டிலிருந்து ஆடைக்கு ஆர்டர் கொடுக்கும் பையர் எழுதியதைப் படித்து டையிங்குக்கும் கட்டிங்குக்கும் செக்கிங்குக்கும் சொல்லி அனுப்புகிறவர் மெர்ச்சண்டைசர். பக்கத்துப் பக்கத்துப் பொருள் உள்ள இரண்டு இங்கிலீஷ் சொற்களை அவர் ஒன்றாக எடுத்துக்கொண்டால், தவறு துணியில் ஏறிவிடும், அல்லது பேங்க்கில் பேப்பர் திரும்பிவிடும். அகராதிப் பொருள் மட்டும் இங்கே போதாது. ஒவ்வொரு சொல்லும் எந்தத் தேதியை, எந்த எண்ணிக்கையை, யாருடைய பொறுப்பைச் சுட்டுகிறது என்று பார்த்துப் பழக வேண்டும்.

தேதிச் சொற்கள்

‘பை 20’ என்றால் 20ஆம் தேதி முடிவதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். ‘அன்டில் 20’ என்றால் 20 வரை ஒரு செயல் நடந்துகொண்டே இருக்கும். “இருபது வரைக்கும் டைம் குடுங்க” என்று பேசிய பழக்கத்தில் ‘வீ வில் சென்ட் தி சாம்பிள் அன்டில் 20’ என்று பலர் எழுதுகிறார்கள். அனுப்புவது ஒருமுறை முடிகிற வேலை, அதற்கு ‘பை’தான் வரும். டைம் கேட்பதற்கு மட்டும் ‘அன்டில்’ சரி.

‘வித்தின் 7 டேஸ்’ என்றால் ஏழு நாளுக்குள் எந்த நாளிலும். ‘இன் 7 டேஸ்’ என்றால் ஏழாவது நாள் வாக்கில். ‘ஆஃப்டர் 7 டேஸ்’ என்றால் ஏழு நாள் கழிந்த பிறகு எப்போதாவது, அதாவது கெடுவே கிடையாது. டைம் கொடுக்கும் மெயிலில் ‘ஆஃப்டர்’ போடாதீர்கள். ஒர்க்கிங் டேஸா, கேலண்டர் டேஸா என்பதையும் எழுதுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வரும்வரை பவர் டேபிள் (தையல் மெஷின் வரிசை) ஓடாது என்பது வெளிநாட்டில் இருப்பவருக்குத் தெரியாது.

எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட், அதாவது பேப்பர் சரியாக இருந்தால் பணம் தருவதாக பேங்க் கொடுக்கும் உறுதி) ஆர்டரில் இந்தச் சொற்களுக்கு விதியே பொருள் வகுத்திருக்கிறது. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள யு.சி.பி. 600 என்ற சர்வதேச எல்.சி. விதிகளின்படி, ஷிப்மென்ட் காலத்தைச் சொல்லும்போது ‘டு’, ‘அன்டில்’, ‘டில்’, ‘ஃப்ரம்’, ‘பிட்வீன்’ ஆகியவை குறித்த தேதியையும் சேர்த்துக்கொள்ளும். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இரண்டும் அந்தத் தேதியைச் சேர்க்காது. எனவே ‘பிஃபோர் 20’ என்றிருந்தால் 19ஆம் தேதியே கடைசி. இதே ‘ஃப்ரம்’ பணம் வர வேண்டிய நாளைக் கணக்கிடும்போது நேர்மாறாக வேலை செய்யும். ‘60 டேஸ் ஃப்ரம் பி.எல். டேட்’ என்று இருந்து, பி.எல். (பில் ஆஃப் லேடிங், சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது) தேதி 10 என்றால், எண்ணத் தொடங்குவது 11ஆம் தேதியிலிருந்து. ‘ஆன் ஆர் அபௌட் 20’ என்பதை “இருபது வாக்கில்” என்று அசட்டையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு 15 முதல் 25 வரை, இரண்டு நாளும் உட்பட என்று கறாரான பொருள் உண்டு.

அடுத்து ‘ஷிப்மென்ட் டேட்’, ‘டெலிவரி டேட்’. ‘எக்ஸ் ஃபேக்டரி’ என்பது சரக்கு நம் கேட்டைத் தாண்டும் நாள். ‘ஹேண்டோவர்’ என்பது சரக்கை அனுப்பிவைக்கும் ஏஜென்ட்டான ஃபார்வர்டரிடம் ஒப்படைக்கும் நாள். இ.டி.டி. கப்பல் புறப்படும் நாள், இ.டி.ஏ. சேரும் நாள். வெறும் ‘டெலிவரி’ என்று வந்தால் இந்த நான்கில் எது என்று கேட்டு, பதில் வந்த பிறகே ஆர்டரை ஒப்புக்கொள்ளுங்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வழியாகப் போகும் சரக்கு என்றால், இ.டி.டி. என்பது கொழும்பு வரை கொண்டுபோகும் சிறிய ஃபீடர் கப்பலுக்கா, கொழும்பில் ஏறும் பெரிய கப்பலுக்கா என்று இன்னொரு கேள்வியும் உண்டு.

எண்ணிக்கைச் சொற்கள்

எல்.சி.யில் அளவுக்கு முன்னால் ‘அபௌட்’ அல்லது ‘அப்ராக்ஸிமேட்லி’ இருந்தால் 10 சதவீதம் கூடலாம், குறையலாம். அந்தச் சொல் இல்லாவிட்டாலும் 5 சதவீதம் சலுகை உண்டு என்று சிலர் நம்பியிருக்கிறார்கள். கிலோ, மீட்டர் கணக்கில் எழுதிய சரக்குக்கு அந்தச் சலுகை உண்டு. பீஸ் கணக்கிலோ பாக்ஸ் கணக்கிலோ எழுதியிருந்தால் கிடையாது. பனியன் பீஸ் கணக்கில்தான் போகிறது. 10,000 பீஸ் என்று வெறுமனே எழுதிய எல்.சி.க்கு 9,900 அனுப்பினால் அது குறைதான். கட்டிங்கில் சேதாரம் வரும் என்று தெரிந்தே ஆர்டர் எடுக்கிறோம், ஆகவே கூட்டல் கழித்தல் சதவீதத்தை எல்.சி. திறக்கும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். ‘அப் டு 5 பர்சன்ட் எக்ஸ்ட்ரா’ என்றால் கூடுதலுக்கு மட்டுமே அனுமதி, குறைவுக்கு இல்லை.

‘பீஸ்’, ‘பேக்’ குழப்பம் விலையில் போய் முடியும். மூன்று பீஸ் அடங்கிய பேக் 1,000 என்றால் தைக்க வேண்டியது 3,000 பீஸ். கோட் செய்த விலை பேக்குக்கா பீஸுக்கா என்று அதே வரியில் எழுதுங்கள். ‘சாலிட்’ பேக்கிங்கில் ஒரு பெட்டிக்குள் ஒரே சைஸ். ‘அசார்ட்டட்’ என்றால் ரேஷியோ உண்டு. 1:2:2:1 என்றால் ஒரு செட் 6 பீஸ், பெட்டிக்குள் இருக்கும் எண்ணிக்கை 6ஆல் மீதியின்றி வகுபட வேண்டும்.

“சாயம் போகுது”

நாம் இந்த ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதை இங்கிலீஷ் நான்காகப் பிரிக்கிறது. எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றல்ல என்பதால் இங்கே மிகுந்த கவனம் தேவை.

துணி நனையும்போது சாயம் நீரில் இறங்கினால் ‘ப்ளீடிங்’. இறங்கிய சாயம் பக்கத்துத் துணியில் ஏறினால் ‘ஸ்டெய்னிங்’. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணியில் வெள்ளை ரோஸ் ஆவது இதுதான். உரசும்போது ஒட்டினால் ‘க்ராக்கிங்’. வேறெங்கும் ஒட்டாவிட்டாலும் துணியின் நிறமே மங்கினால் ‘ஃபேடிங்’.

காட்டனுக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பகுதி நூலோடு பிணையாமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகித் துணியிலேயே தங்கும். சாயமிட்ட பின் கொதிநீரில் செய்யும் சோப்பிங் அதை வெளியேற்றத்தான். அதைக் குறைத்தால் ப்ளீடிங்கும் ஸ்டெய்னிங்கும் வரும். க்ராக்கிங்குக்கும் இந்தத் தங்கிய சாயமே பெரும்பாலும் காரணம். கறுப்பு, நேவி போன்ற அடர்நிறங்களில் ஈர உரசல் மதிப்பெண் உலர் உரசலைவிடக் குறைவாகவே வரும் என்பதால் இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். வெயிலில் ஃபேட் ஆவது வேறு கதை. அங்கே சாய மூலக்கூறே உடைகிறது, எத்தனை முறை சோப்பிங் செய்தாலும் நிற்காது. சாயத்தையே மாற்ற வேண்டும், அதையும் சிறு துணியில் நிறம் போட்டுப் பார்க்கும் லேப் டிப் நிலையிலேயே செய்ய வேண்டும். ‘ஸ்டெய்னிங்’ என்று வந்த புகாரை “ஃபேட் ஆகுதாம்” என்று சாயப்பட்டறைக்குச் சொன்னால் அவர்கள் தேவையில்லாத இடத்தில் கை வைப்பார்கள்.

மதிப்பெண்ணிலும் ஒரு கண்ணி உண்டு. வாஷ், உரசல் சோதனைகளுக்கான கிரே ஸ்கேல் 1 முதல் 5 வரை. ஒளிக்கான ப்ளூ ஊல் அளவு 1 முதல் 8 வரை. கிரே ஸ்கேலில் 4 நல்ல மதிப்பெண், ஒளியில் 4 நடுத்தரம்.

‘டிஃபெக்ட்’, ‘டிஃபெக்டிவ்’

டிஃபெக்ட் என்பது குறை, டிஃபெக்டிவ் என்பது குறையுள்ள பீஸ். ஒரே பீஸில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என மூன்று இருந்தால் டிஃபெக்ட் 3, டிஃபெக்டிவ் 1. 2,000 பீஸ் லாட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 2859-1 அட்டவணையின் சாதாரண ஆய்வு, நிலை 2இல் 125 பீஸ் எடுப்பார்கள். ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5க்கு 7 வரை பாஸ், 8 என்றால் ஃபெயில். அந்த 7 எதை எண்ணியது என்பது பையரின் மேனுவலைப் பொறுத்தது. அதைப் படிக்காமல் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கூப்பிடாதீர்கள்.

அளவு

‘செஸ்ட்’ என்றால் சுற்றளவாகவும் இருக்கலாம், பீஸை விரித்துப் போட்டு அளந்த பாதியாகவும் இருக்கலாம். டாலரன்ஸும் (அளவில் அனுமதிக்கும் கூடுதல் குறைவு) கூடவே மாறும். பாதி அளவில் 1 செ.மீ. விட்டால் சுற்றில் 2 செ.மீ. ஆகிவிடும். ‘ஹெவியர்’ துணி கேட்டால் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) ஏற வேண்டும். ‘திக்கர்’ கேட்டால் ஜி.எஸ்.எம். ஏற்றாமல் பிரஷிங் செய்தும் (துணியின் மேல் இழையைக் கிளப்பியும்) தடிமன் கூட்டலாம். எதை விரும்புகிறார் என்று ஸ்வாட்ச் (மாதிரித் துணித் துண்டு) அனுப்பிக் கேட்பது செலவு குறைந்த வழி.

ஒப்புதல் மெயில்கள்

‘அப்ரூவ்டு’ என்றால் அப்படியே செய்யலாம். ‘அப்ரூவ்டு வித் காமென்ட்ஸ்’ என்றால் திருத்தங்களைச் செய்துகொண்டு பல்க் (மொத்த உற்பத்தி) போகலாம், மறுசாம்பிள் தேவையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘அப்ரூவ்டு சப்ஜெக்ட் டு’ என்றால் பின்னால் சொன்ன நிபந்தனை நிறைவேறும்வரை ஒப்புதல் இல்லை. லேப் ரிப்போர்ட்டை நிபந்தனையாக வைத்திருந்தால் ரிப்போர்ட் கைக்கு வரும்முன் கட்டிங் போடக் கூடாது. ‘நோட்டட்’, ‘ரிசீவ்டு’ இரண்டும் மெயிலைப் பார்த்தேன் என்பதோடு சரி. விலை உயர்வு கேட்ட மெயிலுக்கு ‘நோட்டட்’ வந்தால் புதிய விலைக்குத் தனியாக ஒப்புதல் வாங்குங்கள்.

‘ரிவர்ட்’ என்பதை நாம் பதில் போடுவதற்கு எழுதுகிறோம். வெளிநாட்டு பையருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது. ‘ப்ளீஸ் ரிவர்ட் டு தி ஒரிஜினல் லேபிள்’ என்று வந்தால் லேபிளையே மாற்றச் சொல்கிறார். சந்தேகம் கேட்க ‘டவுட்’ எழுதாமல் ‘க்வெஸ்சன்’ எழுதுங்கள். ‘வீ ஹேவ் டவுட் ஆன் யுவர் மெஷர்மென்ட்’ என்றால் உங்கள் அளவு தவறு என்று நினைக்கிறோம் என்றே அவர் படிப்பார்.