சங்கம் வேறு, அறக்கட்டளை வேறு: தொடங்கும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கம் வியாபாரிகள் சங்கம் இல்லாத ஊர் குறைவு. ஏலக்காய்க்கு ஒன்று, மளிகைக்கு ஒன்று, திராட்சைக்கு ஒன்று என்று இருக்கும். சங்கம் ஓரளவு நிலைத்து, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பொதுக்குழுவில் யாராவது எழுந்து, "நாமளே ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சா என்ன?" என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் கேரளத்து இடுக்கித் தோட்டங்களுக்குப் போய் அந்தியில் திரும்புகிறவர்களின் உழைப்பில்தான் இங்குள்ள கடைவீதிகள் வாழ்கின்றன. அவர்களுக்கு ஏதாவது செய்ய நினைக்கும் மனசு வீணாகிவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். சங்கம் உறுப்பினர்களுக்காக இருப்பது. அறக்கட்டளை ஊருக்காக இருப்பது. ஆனால் இரண்டையும் நடத்துவது அதே ஆட்கள், அதே கட்டடத்தில், அதே மேசையில். சங்கத்துப் பழக்கம் அறக்கட்டளைக்குள் தானாக வந்துவிடுகிறது.

கல்வி உதவித்தொகையையே எடுத்துக்கொள்வோம். முதல் பட்டியல் போடும்போதே "நம்ம உறுப்பினர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை" என்று ஒரு வரி நுழைந்துவிடும். சங்கத்தில் அது நியாயம், அறக்கட்டளையில் அது ஆபத்து. நிறுவியவர்கள், அறங்காவலர்கள், பெருந்தொகை கொடுத்தவர்கள், இவர்களின் உறவினர்கள் ஆகியோருக்குப் பலன் போனால் வரிவிலக்கே கைவிட்டுப் போகலாம். ஒரு சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்று அறக்கட்டளைப் பத்திரத்தில் எழுதினாலும் விலக்குக் கிடைக்காது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்காக என்றால் அந்தத் தடை இல்லை. உறுப்பினர் வீட்டுப் பிள்ளைக்கு உதவ வேண்டுமா? சங்க நிதியிலிருந்து தாராளமாகச் செய்யுங்கள். அது தனிக் கணக்கு.

தென்மாவட்ட வியாபாரிகளுக்குப் பொதுக்காரியம் புதிதல்ல. விருதுநகரில் மகமைப் பணத்தில், அதாவது வியாபாரிகளிடம் பொதுக்காரியத்துக்கென்று பிடித்த பணத்தில், வளர்ந்த க்ஷத்திரிய வித்யாசாலாவில்தான் காமராஜர் படித்தார். அந்தப் பழக்கத்தில், மூட்டைக்கு இவ்வளவு என்று பிடித்து நேராக அறக்கட்டளையில் வரவு வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. கட்டாயமாகப் பிடிப்பது நன்கொடை ஆகாது. மகமை சங்கத்துக்கு வரட்டும். அறக்கட்டளைக்குக் கொடுப்பவர் தானாக விரும்பிக் கொடுக்கட்டும், பெயரும் பான் எண்ணும் எழுதிய ரசீதோடு.

அப்புறம், வரிச்சலுகையைக் காட்டி வசூல் செய்யாதீர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், நன்கொடைக்கான 80ஜி பிரிவு வருமான வரிச்சலுகை கிடையாது. புதிய வரிமுறையில் கணக்குத் தாக்கல் செய்பவருக்கோ காசோலையாகக் கொடுத்தாலும் கிடையாது. இன்று நிறைய வியாபாரிகள் புதிய முறைக்கு மாறிவிட்டார்கள். சலுகை கிடைக்கும் என்று நம்பிக் கொடுத்தவர், ஆடிட்டர் இல்லை என்று சொன்னதும் அடுத்த வருடம் உங்களைப் பார்த்தாலே ஒதுங்கிப்போவார்.

இந்த எல்லைப்புறத்துக்கே உரிய தவறு ஒன்று இருக்கிறது. எனக்கு அதிகம் வருத்தம் தருவதும் அதுதான். பத்திரம் எழுதும்போது "தேனி மாவட்ட ஏழை எளிய மக்களுக்கு" என்று எழுதிவிடுகிறார்கள். வேறு ஊர்ப் பத்திரத்தைப் பார்த்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றுவதால் வருவது இது. நம் ஜனம் பாதி மலைக்கு மேலே அல்லவா இருக்கிறது? மூணாறு, வண்டன்மேடு, பூப்பாறை, பீர்மேடு என்று தலைமுறையாகத் தமிழர்கள் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வாழ்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நிலச்சரிவில் லயங்கள் மண்ணோடு போனபோது 70 உயிர்கள் போயின. பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அப்படியொரு நாளில் கையில் பணம் இருந்தும், பத்திரத்தில் இடம் இல்லையே என்று நிற்க நேர்ந்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை. தமிழ்நாட்டில் பதிவான டிரஸ்ட் கேரளத்தில் செலவு செய்யக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. உங்கள் பத்திரம் இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். "இந்தியாவுக்குள் எங்கும்" என்று எழுதிவிட்டு, முதலில் எங்கே வேலை செய்வது என்பதைத் தீர்மானத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். திருத்த அதிகாரம் பத்திரத்திலேயே இல்லாவிட்டால் கோர்ட்டு வரை போக வேண்டியிருக்கும். நோக்கத்தை மாற்றினால் 30 நாளுக்குள் வருமான வரித்துறைக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

அதே பத்திரத்தில், அறக்கட்டளையைக் கலைக்க நேர்ந்தால் சொத்து இதே நோக்கமுள்ள இன்னொரு அறக்கட்டளைக்குப் போகும் என்ற வரியும் இருக்க வேண்டும். "சங்கத்துக்கே திரும்பும்" என்று எழுதினால் வருமான வரித்துறையின் பதிவே கிடைக்காது.

அறங்காவலர் விஷயம். சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருமே பதவி வழியாக அறங்காவலர்கள் என்று வைத்தால், ஒவ்வொரு சங்கத் தேர்தலுக்கும் வங்கிக் கையெழுத்து மாற வேண்டும். தேர்தலில் தகராறு வந்தால் கணக்கே முடங்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது நோட்டு வாங்கப் பணம் எடுக்க முடியாமல் போன ஓர் இடத்தை எனக்குத் தெரியும். சங்கத்திலிருந்து பாதிப் பேர், வெளியிலிருந்து பாதிப் பேர் போதும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மருத்துவர், தோட்ட வேலைக்குப் போன அனுபவமுள்ள ஒரு பெண் என்று சேருங்கள். அந்தப் பெண்ணைக் கட்டாயம் சேருங்கள்.

ஏன் என்றால், முதல் பணத்தில் ஆம்புலன்ஸ் வாங்கும் யோசனையைத் தடுக்கக்கூடியவர் அவர்தான். வண்டி கண்ணுக்குத் தெரியும், சங்கப் பெயரை எழுதலாம், திறப்பு விழா நடத்தலாம். ஆனால் ஓட்டுநர் சம்பளமும் டீசலும் இன்சூரன்ஸும் மாதாமாதம் வரும். இரண்டு மாநிலத்திலும் 108 ஓடுகிறது. காலை உணவும் அப்படித்தான். தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் 2023 ஆகஸ்ட்டிலேயே திட்டம் விரிந்துவிட்டது. ஏற்கெனவே நடப்பதை நாமும் நடத்த வேண்டாம். மலைக்குப் போகிற அம்மாக்களிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேளுங்கள். பள்ளி விட்டதிலிருந்து அம்மா ஜீப்பில் வந்து இறங்கும் வரை பிள்ளையை யார் பார்ப்பது என்பார்கள். ரேஷன் கார்டு தமிழ்நாட்டில், குடியிருப்பு கேரளத்தில்; ஆஸ்பத்திரியில் எந்த மாநிலக் காப்பீடு செல்லும் என்பார்கள். மலையாளத்தில் உள்ள படிவத்தை யார் நிரப்பித் தருவது என்பார்கள். ஒரு மாலைநேர மையம், இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரை வைத்து ஓர் உதவி மேசை. ஆம்புலன்ஸ் விலையில் இவை பல வருடம் ஓடும்.

பணத்தைச் சும்மா வைத்திருப்பதற்குப் பதில் உறுப்பினர் ஒருவரின் வியாபாரத்துக்கு வட்டிக்குக் கொடுக்கலாமே என்று சீசன் நேரத்தில் பேச்சு வரும். கூடவே கூடாது. வங்கி, அஞ்சலகம் போலச் சட்டம் அனுமதித்த இடங்களில் மட்டும்தான் போடலாம். ஏலச்சீட்டும் அதில் இல்லை. வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும், இல்லையேல் எதற்காகச் சேர்த்து வைக்கிறோம் என்று முறைப்படி தெரிவிக்க வேண்டும். செலவழிக்காமல் வைத்திருக்கும் மூலநிதிக்கென்று ஒருவர் கொடுத்தால் அதை அவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

பதிவு வேலைகளை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது, முதலில் கிடைப்பது 3 ஆண்டுக்கான தற்காலிகப் பதிவு மட்டுமே. பணி தொடங்கிய 6 மாதத்துக்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வளைகுடாவில் வேலை செய்யும் நம்மூர்க்காரர் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டவரிடம் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

கணக்கைப் பொதுக்குழுவில் வாசித்து முடித்தால் போதும் என்று நினைப்பதும் தவறுதான். அந்தக் கூட்டத்தில் இருப்பது கொடுத்தவர்கள் மட்டுமே. வரவு செலவை ஒரே தாளில், தமிழில் ஒன்றும் மலையாளத்தில் ஒன்றுமாக அச்சடித்து, ஜீப் புறப்படும் இடத்திலும் லயங்கள் உள்ள ஊர்களின் டீக்கடைகளிலும் ஒட்டுங்கள். அந்த அம்மாக்கள் படித்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல ஒரு அறங்காவலர் அங்கே போய் நிற்கட்டும்.